விடுப்புத் தேதி உறுதியாகாத வீட்டின் டிஸ்னி பயணம்

வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கமாக:

"என் கணவர் அமெரிக்கத் தரைப்படையில் சார்ஜென்ட். ஜார்ஜியா மாநிலத்து ஃபோர்ட் ஸ்டுவர்ட் முகாமில் குடியிருக்கிறோம். அவர் இப்போது வெளிநாட்டுப் பணியில் இருக்கிறார். குளிர்காலத் தொடக்கத்தில் திரும்புவார் என்கிறார்கள், ஆனால் தேதி ஏற்கெனவே இரண்டு முறை மாறிவிட்டது. ஒன்பது வயதில் மகளும் நான்கு வயதில் மகனும் இருக்கிறார்கள். தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் மாமியாரும் எங்களுடன் இருக்கிறார். அவர் சைவம், முழங்கால் வலியும் உண்டு. அப்பா வந்ததும் ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோ நகருக்கு அருகிலுள்ள டிஸ்னி வேர்ல்டுக்குப் போகலாம் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். அவளோ ஃபிரிட்ஜில் நாள்காட்டி ஒட்டி, ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வருகிறாள். கையில் 2,300 டாலர் இருக்கிறது. மாதம் 300 வீதம் இன்னும் நான்கு மாதம் சேர்த்தால் 3,500 ஆகும். போதாவிட்டால், படைவீரர்களுக்கென்றே கடன் தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு நிறுவனத்தில் 2,000 டாலர் வாங்கலாமா? எங்கே தங்குவது, எந்தச் சீட்டை வாங்குவது என்று சொல்லுங்கள்."

அன்புள்ள சகோதரிக்கு,

கணவர் எந்த இடத்தில் பணியில் இருக்கிறார், எந்தத் தேதியில் திரும்புகிறார் என்பதை நீங்கள் எழுதாமல் விட்டது சரியானதே. பயணத் திட்டம் பற்றி உறவினர்களுக்குச் செய்தி அனுப்பும்போதும், சமூக ஊடகங்களில் எழுதும்போதும் இதே கவனம் இருக்கட்டும்.

முதலில் கடனை முடித்துவிடுவோம். வாங்க வேண்டாம். படையினருக்குக் கொடுக்கும் பெரும்பாலான நுகர்வுக் கடன்களில், கட்டணங்களையும் சேர்த்து ஆண்டுக்கு 36 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு விதித்திருக்கிறது. அந்த வரம்பைத்தான் பல நிறுவனங்கள் ஏதோ சலுகை போல விளம்பரம் செய்கின்றன. 36 சதவீதத்தில் 2,000 டாலர் வாங்கி ஓராண்டில் அடைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 201 டாலர், மொத்தம் 2,411 டாலர். வட்டியாகப் போகும் 411 டாலரில் ஒருவருக்கு நான்கு நாள் பூங்காச் சீட்டே வாங்கிவிடலாம். மேலும், உங்கள் 3,500 டாலரே போதும் என்பது என் கணக்கு.

இனி, உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்த செய்திக்கு வருகிறேன்: தேதி இரண்டு முறை மாறிவிட்டது என்றீர்கள். மற்றக் குடும்பங்கள் சிக்கனப் பயணம் என்றால் எது மலிவு என்று தேடினால் போதும். படைக் குடும்பம் அப்படித் தேடினால் ஏமாந்துபோகும், ஏனெனில் மிக மலிவான அறையும் மிக மலிவான விமானச் சீட்டும் பெரும்பாலும் பணத்தைத் திருப்பித் தராதவை. ஆண்டுக்கு 30 நாள், அதாவது மாதத்துக்கு இரண்டரை நாள் வீதம் விடுப்பு சேர்ந்தாலும், அதை எப்போது எடுப்பது என்பது மேலதிகாரியின் ஒப்புதலைப் பொறுத்தது; கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் அவருக்கு அதிகாரம் உண்டு. என் கணவர் கடற்படையில் இருந்த காலத்தில், கடற்கரையோர வாடகை வீடு ஒன்றை, முழுத் தொகையையும் முன்னதாகக் கட்டினால் ஐந்தில் ஒரு பங்கு தள்ளுபடி என்பதற்காக எடுத்தேன். கப்பல் ஒன்பது நாள் தாமதமாக வந்தது. வீட்டுக்காரர் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார், அவர் பேரில் தவறில்லை. அந்தத் தள்ளுபடிதான் எங்கள் வாழ்க்கையில் நாங்கள் வாங்கிய விலை உயர்ந்த பொருள். ஆகையால், எதற்குப் பணம் கட்டும் முன்னும் "என்ன விலை" என்பதற்கு முன்பாக "எந்தத் தேதி வரை ரத்து செய்யலாம், படை உத்தரவைக் காட்டினால் அந்தக் கெடு தளருமா" என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த நோக்கில் பார்த்தால், டிஸ்னி வேர்ல்ட் படையினருக்குக் கொடுக்கும் சல்யூட் சீட்டு உங்களுக்காகவே செய்தது போல இருக்கும். 2009 முதல் ஆண்டுதோறும் புதுப்பித்து வழங்கப்படும் இந்தச் சீட்டு குறிப்பிட்ட ஒரு தேதிக்குக் கட்டுப்பட்டதன்று. அதன் செல்லுபடிக் காலத்துக்குள், கிறிஸ்துமஸ் வாரம் போன்ற விலக்கு நாள்களைத் தவிர்த்து, எந்த நாளிலும் நுழையலாம். நான்கு நாள் சீட்டின் நான்கு நாள்களும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதில்லை. சாதாரண ஒரு நாள் சீட்டு 119 டாலரில் தொடங்கிக் மிகுந்த கூட்ட நாள்களில் 200 டாலரையும் தாண்டிவிடுகிறது; சல்யூட் சீட்டோ, ஒரே நாளில் பூங்கா விட்டுப் பூங்கா மாறும் உரிமையையும் சேர்த்து, அண்மை ஆண்டுகளில் நாளுக்கு ஏறக்குறைய நூறு டாலராகவே வந்திருக்கிறது. விலையும் விலக்கு நாள்களும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், உங்கள் முகாமிலுள்ள பயணச் சீட்டு அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வாயிலில் வாங்குவதைவிட அங்கே வாங்குவது நல்லது. பூங்காவுக்குத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. படைவீரர் வர முடியாமல் போனால், அவருக்குப் பதிலாக அவருடைய மனைவி தம் படைக் குடும்ப அடையாள அட்டையைக் காட்டி இந்தச் சலுகையைப் பயன்படுத்தலாம். விடுப்பு கைவிட்டுப் போனாலும் சீட்டு வீணாகாது என்பது இதன் பொருள். ஆனால் ஒருவர் ஒரு நாள் நுழைந்துவிட்ட சீட்டின் மீதி நாள்களை வேறொருவர் பயன்படுத்த முடியாது. ஆர்லாண்டோவைச் சுற்றியுள்ள சாலைகளில் "மீதி நாள் சீட்டு மலிவு விலையில்" என்று விற்பவர்களிடம் போகவே வேண்டாம். பாதி பயன்படுத்திய பலநாள் சீட்டை விற்பது ஃபுளோரிடா மாநிலச் சட்டப்படி குற்றம். காலை உணவு கொடுத்து, இரண்டு மணி நேரம் விடுமுறை வீட்டுப் பங்குத் திட்டத்தை விளக்கிவிட்டு, அதற்கு ஈடாகச் சீட்டுத் தருகிறவர்கள் சட்டத்துக்கு உட்பட்டவர்கள்தாம். ஆனால் நான்கு வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்த அறையில் உட்கார்ந்து பாருங்கள், புரியும்.

எத்தனை சீட்டு வாங்குவது என்பதில்தான் உங்கள் வரவு செலவுக் கணக்கு நிற்கும் அல்லது சாயும். மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் டிஸ்னியில் கட்டணமில்லை. உங்கள் மகன் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டான், சல்யூட் சீட்டில் சிறுவர் விலை என்று தனியாகவும் இல்லை. ஐந்து பேருக்கும் நான்கு நாள் சீட்டு எடுத்தால் 2,000 டாலர், உங்கள் நிதியில் பாதிக்கு மேல். உங்கள் கணவரின் பெயரில் மாமியாருக்கும் சல்யூட் சீட்டு வாங்கலாம், அதற்குத் தடையில்லை. இருந்தாலும் முழங்கால் வலியோடு நாள் முழுதும் நடப்பதும் நிற்பதுமாக நான்கு நாள் கழிப்பது அவருக்குத் தண்டனையாகிவிடும். அவருக்குக் கூட்டம் குறைந்த ஒரு வாரநாளில் சாதாரண ஒரு நாள் சீட்டு மட்டும் எடுங்கள், சுமார் 150 டாலர் ஆகும். அந்த ஒரு நாளை அனிமல் கிங்டம் பூங்காவுக்கு ஒதுக்குங்கள் என்பேன். திறந்த வண்டியில் உட்கார்ந்தபடியே காட்டுவிலங்குகளைப் பார்த்து வரலாம். ஆசியப் பகுதியில் ஆனந்தபூர் என்ற கற்பனை ஊரை இந்திய, இமயமலைச் சாயலில் கட்டியிருக்கிறார்கள், அங்கே புலிகளும் உண்டு. சக்கர நாற்காலியைப் பூங்காவிலேயே வாடகைக்கு எடுக்கலாம். தேவையில்லை என்று அவர் சொல்லுவார். அவர் கேட்காமலே எடுத்துவிடுங்கள்.

மற்ற மூன்று நாள்களில் இரண்டை மேஜிக் கிங்டமுக்கு வையுங்கள். நான்கு வயதுக்காரனுக்கு மற்றப் பூங்காக்களைவிட அங்கேதான் ஏறுவதற்கு நிறைய இருக்கிறது. புறப்படுவதற்கு முன் வீட்டுக் கதவு ஓரத்தில் காலணியோடு நிறுத்தி அவன் உயரத்தை அளந்து பாருங்கள். குள்ளர்களின் சுரங்க ரயிலுக்கு 38 அங்குலமும் ஸ்பேஸ் மவுண்டனுக்கு 44 அங்குலமும் வேண்டும். உயரம் போதாத பிள்ளையோடு ஒரு பெரியவர் வெளியே காத்திருந்து, மற்றவர் ஏறி இறங்கியதும் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் தாம் ஏறிக்கொள்ளும் மாற்று ஏற்பாடு இலவசம். வரிசையின் தொடக்கத்திலேயே ஊழியரிடம் சொல்ல வேண்டும். இந்த ஏற்பாட்டில் உங்கள் மகள் சில சவாரிகளை அப்பாவோடு ஒரு முறை, உங்களோடு ஒரு முறை என்று இரண்டு தடவை ஏறுவாள். காசு கட்டி வரிசையைத் தாண்டும் லைட்னிங் லேன் வசதி உங்களுக்கு வேண்டாம். காலையில் வாயில் திறக்கும் முன்பே போய் நின்றால், முதல் இரண்டு மணி நேரத்தில் பாதி வேலை முடிந்துவிடும்.

யுனிவர்சல் பூங்காக்களை இந்த முறை விட்டுவிடுங்கள். 2025 மே மாதம் திறந்த எபிக் யுனிவர்ஸைப் பற்றி மகள் பள்ளியில் கேள்விப்பட்டிருப்பாள். ஆனால் தம்பி வளர்ந்த பிறகு அங்கே போவதே பணத்துக்கு நியாயம்.

தங்குமிடத்துக்கு வருவோம். டிஸ்னி வேர்ல்ட் வளாகத்துக்குள்ளேயே படையினருக்கென்று ஷேட்ஸ் ஆஃப் கிரீன் என்ற விடுதி இருக்கிறது. டிஸ்னியின் விடுதி ஒன்றை 1994இல் தரைப்படை குத்தகைக்கு எடுத்து, 1996இல் கட்டடத்தை வாங்கிக்கொண்டது. நிலம் இன்னும் டிஸ்னியுடையது. வாடகை படைப்படிநிலைக்கு ஏற்ப ஏறுவதால், ஒரே மாதிரியான அறைக்கு ஒரு கர்னல் கட்டுவதைவிட உங்கள் கணவர் குறைவாகக் கட்டுவார். வழக்கமான அறையில் ஐந்து பேர் தங்கலாம், ஆகவே மாமியாருக்காக இரண்டாவது அறை எடுக்க வேண்டியதில்லை. டிஸ்னியின் சொந்த விடுதிகளில் தங்குவோரைப் போலவே இங்கே தங்குவோரும் பூங்காவுக்குள் அரை மணி முன்னதாக நுழையலாம். பேருந்து வசதி இருக்கிறது. மேஜிக் கிங்டமுக்குப் போகும் மோனோரயிலும் படகும் புறப்படும் இடத்துக்கு நடந்தே போய்விடலாம்.

ஆனாலும் இதுவே மிக மலிவு என்று நினைத்துவிட வேண்டாம். அருகிலுள்ள கிஸ்ஸிமீ ஊர்ப் பக்கத்தில் சிறு சமையலறையும் காலை உணவும் சேர்ந்த விடுதிகள் இதைவிடக் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். அங்கே தங்கினால், தினமும் காரை ஓட்டிவந்து பூங்காவில் நிறுத்த நாளுக்கு முப்பது டாலர் அளவில் கட்ட வேண்டியிருக்கும் என்பதையும், மதியம் பிள்ளை தூங்கி விழும்போது அறைக்குத் திரும்புவது கடினம் என்பதையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். ஷேட்ஸ் ஆஃப் கிரீனிலும் வண்டி நிறுத்தக் கட்டணம், ரத்துக் கெடு இரண்டையும் விசாரித்துவிட்டு, தேதி உத்தேசமாகத் தெரிந்தாலே பதிவு செய்துவிடுங்கள். மாற்றுவது ஒரு தொலைபேசி அழைப்பில் முடியும். கடைசி வாரத்தில் அறை கிடைப்பது அரிது.

இந்த விடுதியைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். மேஜிக் கிங்டமில் இரவுதோறும் நடக்கும் வாணவேடிக்கையின் சத்தம் இங்கே நன்றாகக் கேட்கும். பணியிலிருந்து திரும்பிய சில வாரங்களில் சிலருக்கு அந்தச் சத்தம் ஒத்துக்கொள்ளாது. பலருக்கு ஒன்றும் செய்யாது. உங்கள் கணவர் எந்த வகை என்பதை நீங்கள் ஊகிக்க வேண்டாம், அவரிடமே கேளுங்கள். அந்த நேரத்தில் அவர் மகனோடு அறையில் இருக்க விரும்பினால், அது பயணத்தைக் கெடுத்ததாக ஆகாது. மாலை ஐந்து மணி அளவில் மேஜிக் கிங்டம் நுழைவுச் சதுக்கத்தில் கொடியிறக்க நிகழ்ச்சி நடக்கிறது. படையில் பணியாற்றிய ஒருவரை அழைத்து அதில் சிறப்பிப்பதும் வழக்கம். அதிலும் அவர் விருப்பமே முதன்மை.

எப்போது போவது? அவர் வந்து இறங்கிய வாரத்திலேயே கிளம்ப வேண்டாம். குறைந்தது ஒரு வாரம் தம் படுக்கையில் தூங்கி எழட்டும். நவம்பர் மாத நன்றியறிதல் வாரத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் இடையில் வரும் டிசம்பர் முதல் பாதியின் வாரநாள்கள், அல்லது புத்தாண்டுக் கூட்டம் கலைந்த ஜனவரி நாள்கள் கூட்டத்துக்கும் செலவுக்கும் உகந்தவை. பள்ளி இருக்குமே என்பீர்கள். படைவீரர் பிள்ளைகளின் கல்விக்காக மாநிலங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்படிக்கையை ஐம்பது மாநிலங்களும் ஏற்றிருக்கின்றன. வெளிநாட்டுப் பணியிலிருந்து திரும்பிய தாய் தந்தையோடு இருப்பதற்காகப் பிள்ளைக்குக் கூடுதல் விடுப்பு தரக் கல்விக் கண்காணிப்பாளருக்கு அது இடம் கொடுக்கிறது. தேதி தெரிந்ததும் பள்ளிக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். பள்ளியில் படைக் குடும்பங்களுக்கான ஆலோசகர் இருந்தால் அவர் வழியாகப் போவது எளிது.

சாப்பாட்டில் உங்கள் வீட்டுக்கு இயல்பாகவே ஒரு வசதி இருக்கிறது. டிஸ்னி பூங்காக்களுக்குள் வெளி உணவைக் கொண்டுபோகத் தடையில்லை. மதுவும் கண்ணாடிப் பாத்திரமும் கூடாது. இந்தக் கண்ணாடி விதியில்தான் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். புளியோதரையும் தயிர்சாதமும் வாயிலைக் கடந்துவிடும், ஊறுகாய்ப் பாட்டில் நின்றுவிடும். மாமியார் போட்ட எலுமிச்சை ஊறுகாயைச் சோதனை மேசையில் விட்டுவிட்டு வரும் நிலை வேண்டாம், வீட்டிலேயே பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். துரித உணவுக் கடைகளில் கேட்டால் ஐஸ் தண்ணீர் இலவசமாகத் தருவார்கள். பழம், ரொட்டி, பால், பிஸ்கட் எல்லாவற்றையும் புறப்படும் முன் முகாமின் கமிசரியிலேயே, அதாவது படைக் குடும்பங்களுக்கான மளிகைக் கடையிலேயே, வாங்கிவிடுங்கள். ஐந்து சதவீத மேல்கட்டணம் உண்டு என்றாலும் விற்பனை வரி இல்லை, விலையும் குறைவு. ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும் உள்ளே வாங்கிச் சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்கு அதுவும் பயணத்தில் சேர்ந்ததுதானே.

கணக்கைப் பார்ப்போம். நான்கு சல்யூட் சீட்டுகளுக்கு 1,600, மாமியாரின் சீட்டுக்கு 150, மூன்று இரவு அறைக்கு உத்தேசமாக 550, போகவர 540 மைலும் உள்ளூர் ஓட்டமும் சேர்த்துப் பெட்ரோலுக்கு 100, உணவுக்கு 400, நாற்காலி வாடகை, பொம்மை முதலியவற்றுக்கு 100. ஆக 2,900. மீதி 600 டாலரைத் தொடாமல் வைத்திருங்கள், வழியில் டயர் வெடித்தாலும் தேதி மாறினாலும் அதுதான் கைகொடுக்கும். விமானம் இதில் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். நாலரை மணி நேரத்தில் காரிலேயே போய்ச் சேரக்கூடிய ஊருக்கு, திரும்பி வர இடம் கிடைக்குமா என்று தெரியாத படை விமானத்தில் பிள்ளைகளோடு காத்திருப்பதில் பொருளில்லை.

விடுப்பு சுருங்கினால் என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். இரண்டே நாள் கிடைத்தால் சல்யூட் சீட்டில் இரண்டு நாளை மட்டும் பயன்படுத்திவிட்டுத் திரும்புங்கள். மீதி இரண்டு நாளுக்குச் செல்லுபடிக் காலத்துக்குள் இன்னொரு வார இறுதியில் போகலாம். ஓர் இரவு அறையும் ஒரு பெட்ரோல் செலவும் கூடும், 600 டாலர் கையிருப்பு அதைத் தாங்கும். ஒரே நாள்தான் என்றால் டிஸ்னியை மறந்துவிட்டு ஆர்லாண்டோவிலுள்ள சீவேர்ல்ட் பூங்காவுக்குப் போங்கள். பணியிலுள்ள படைவீரருக்கும் அவரைச் சார்ந்த மூவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை அங்கே நுழைவு இலவசம். உங்கள் நால்வருக்கும் சரியாகப் போகும். முன்னதாக இணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். மாமியாருக்குச் சீட்டும் காருக்கு நிறுத்தக் கட்டணமும் மட்டும் ஆகும்.

இனிச் சேர்க்கப்போகும் மாதம் 300 டாலரைப் பற்றி ஒரு யோசனை. உங்கள் கணவர் அபாயப் பகுதிப் படி பெறும் இடத்தில் தொடர்ந்து 30 நாளுக்கு மேல் இருப்பவரானால், ஆண்டுக்குப் பத்து சதவீத வட்டி தரும் படைச் சேமிப்பு வைப்புத் திட்டத்தில் தம் சம்பளத்திலிருந்து போட முடியும். தகுதி உண்டா என்று அவருடைய நிதி அலுவலகத்தில் கேட்கட்டும். நான்கு மாதத்துக்கு முப்பது, நாற்பது டாலருக்கு மேல் வட்டி தேறாது. இருந்தாலும், அவசரத் தேவை தவிர, அவர் அந்தப் பகுதியை விட்டு வெளியே வரும் வரை யாரும் அதில் கை வைக்க முடியாது என்பது நல்லதுதான். பணம் வந்து சேரச் சில வாரம் ஆகலாம் என்பதால், சீட்டுக்கும் அறைக்கும் கையில் இருக்கும் 2,300 டாலரையே பயன்படுத்துங்கள்.

மகளின் நாள்காட்டியைக் கிழித்துவிட வேண்டாம். அதில் அடையாளமிட்டிருக்கும் தேதி "அப்பா வரும் நாள்" என்பதாக மட்டும் இருக்கட்டும், அது மாறினால் மாற்றிக்கொள்ளலாம். டிஸ்னிக்குத் தேதி எதுவும் சொல்லாதீர்கள். அதற்குப் பதிலாக, நான்கு நாளில் எந்தெந்தச் சவாரியில் ஏற வேண்டும் என்று அவளையே ஒரு பட்டியல் எழுதச் சொல்லுங்கள்; தம்பியின் உயரத்தை அளக்கும் பொறுப்பையும் அவளிடமே கொடுங்கள். நீங்கள் இந்த வாரம் செய்ய வேண்டியவை இரண்டு அழைப்புகள். ஷேட்ஸ் ஆஃப் கிரீனில் ரத்துக் கெடுவைக் கேளுங்கள். முகாமின் சீட்டு அலுவலகத்தில் சல்யூட் சீட்டு எந்தத் தேதி வரை செல்லும், எந்த நாள்களுக்குச் செல்லாது என்று கேளுங்கள். இரண்டு பதில்களையும் எழுதி அனுப்பினால், மேலே நான் உத்தேசமாகப் போட்ட எண்களைத் திருத்தி மறு கணக்கு அனுப்புகிறேன்.